நான்கு மாதம், ஆறடிக் குளம், ஒரு ஜிம்னாஸ்ட்: ஸ்பிரிங்போர்டு டைவிங்குக்குப் போகலாமா?

குன்னூரிலிருந்து கேட்டிருக்கிறீர்கள். மகளுக்கு 13 வயது. சின்ன வயதிலிருந்து ஜிம்னாஸ்டிக்ஸ் செய்கிறாள், நீச்சலும் தெரியும். இன்னும் நான்கு மாதத்தில் சமவெளியில் நடக்கும் மண்டல அளவிலான பல்விளையாட்டுப் போட்டியில் ஸ்பிரிங்போர்டு டைவிங்கும் உண்டு, அதில் சேர்த்துவிடுங்கள் என்று பி.டி. மாஸ்டர் சொல்கிறார். பக்கத்தில் போர்டு எதுவும் இல்லை, பள்ளிக் குளம் ஆறடி ஆழம். அங்கேயே பழகலாமா, மார்க் எப்படிப் போடுவார்கள், 1 மீட்டரில் சேர்ப்பதா 3 மீட்டரில் சேர்ப்பதா என்று மூன்று கேள்வி எழுதியிருக்கிறீர்கள். மூன்றுக்கும் அடியில் ஒரே கவலைதான் இருக்கிறது என்று நினைக்கிறேன்: அடிபடாமலும், நாலு பேர் முன்னால் மனம் உடையாமலும் அவள் இதைச் செய்துவிட்டு வர முடியுமா? முடியும். ஆனால் மலையில் எதைப் பழகுவது, கீழே போய் எதைப் பழகுவது என்பதைக் கறாராகப் பிரித்துக்கொண்டால்தான் முடியும். பல வருடம் டைவிங் சொல்லிக்கொடுத்தவன், நடுவர் நாற்காலியிலும் உட்கார்ந்தவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதலில் அந்த ஆறடிக் குளம். அதில் தலைகீழாகச் செங்குத்தாகப் பாயவே கூடாது. கரையிலிருந்தும் கூடாது, ஸ்டூல் போட்டும் கூடாது, ‘கையை நீட்டிக்கொண்டுதானே போகிறாள்’ என்ற சமாதானமும் வேண்டாம். சர்வதேச விதிப்படி 1 மீட்டர் போர்டின் முனைக்கு நேர் கீழே குறைந்தது 3.40 மீட்டர், அதாவது பதினோரு அடிக்கு மேல் தண்ணீர் இருக்க வேண்டும். 3 மீட்டர் போர்டுக்கு 3.70 மீட்டர், பன்னிரண்டு அடி. போர்டுக்கு அடியில் மட்டும் ஆழம் இருந்தால் போதாது. 1 மீட்டர் போர்டுக்கு முன்னால் 5 மீட்டர் தூரத்துக்கும், 3 மீட்டர் போர்டுக்கு முன்னால் 6 மீட்டர் தூரத்துக்கும் ஏறக்குறைய அதே ஆழம் தொடர வேண்டும். காரணம் எளிய கணக்கு. 1 மீட்டர் போர்டிலிருந்து முக்கால் மீட்டருக்குச் சற்று மேலே எழும்பி விழும் குழந்தை, தண்ணீரைத் தொடும்போது மணிக்கு 20 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் இருக்கிறாள். அந்த வேகத்தில் ஆறடித் தண்ணீரின் தரையைக் கை தொட வினாடியில் மூன்றில் ஒரு பங்கு நேரம் போதும். கை மடங்கினால் அடுத்து இடிபடுவது உச்சந்தலை. முறிவது கழுத்தெலும்பு. கழுத்துத் தண்டுவடத்தில் பட்ட அடி கை காலை நிரந்தரமாக முடக்கிவிடும். நீச்சல் போட்டியில் சாய்வாகப் பாய்கிறார்களே என்று கேட்கலாம். அது தண்ணீர்ப் பரப்பை ஒட்டிச் சறுக்கும் பாய்ச்சல், டைவிங் நேர் கீழே போவது. இரண்டையும் ஒன்றாக நினைத்து வரும் விபத்துகள்தான் அதிகம். ஏரி, அணை, அருவித் தடாகம் எதுவும் இதற்கு மாற்று அல்ல. கொடைக்கானல் பக்கத்திலிருந்து படிக்கிறவர்களுக்கும் சேர்த்தே சொல்கிறேன்: அடியில் பாறை எங்கே, சேறு எங்கே என்று மேலிருந்து பார்க்கிற யாருக்கும் தெரியாது.

இனி போட்டி எப்படி நடக்கிறது என்று பார்ப்போம். ஸ்பிரிங்போர்டு என்பது 4.88 மீட்டர் நீளம், அரை மீட்டர் அகலம் உள்ள அலுமினியப் பலகை. மேலே சொரசொரப்பு போட்டிருக்கும். ஒலிம்பிக்கில் 3 மீட்டர் போர்டு மட்டும்தான், 1 மீட்டர் கிடையாது. ஆசிய விளையாட்டிலும் உலகப் போட்டியிலும் 1 மீட்டர் தனிப் போட்டியாக நடந்திருக்கிறது. மண்டல, மாநில அளவில் இரண்டுமே வைப்பது வழக்கம். நம் நாட்டில் இது புது விளையாட்டு என்றே பலரும் நினைக்கிறார்கள். 1951-ல் டெல்லியில் நடந்த முதல் ஆசிய விளையாட்டிலேயே கே.பி. தக்கர் ஸ்பிரிங்போர்டு, 10 மீட்டர் பிளாட்ஃபார்ம் (வளையாத மேடை) இரண்டிலும் தங்கம் வாங்கியிருக்கிறார். பிறகு இந்த விளையாட்டு பெரும்பாலும் ராணுவம், ரயில்வே அணிகளுக்குள்ளேயே தங்கிவிட்டது. அதற்குக் குளம் இல்லாததுதான் காரணம், ஆள் இல்லாதது அல்ல.

ஒவ்வொரு டைவுக்கும் ஓர் எண் உண்டு. அந்த எண்ணைப் படிக்கத் தெரிந்துவிட்டால் பாதிப் போட்டி புரிந்துவிடும். முதல் இலக்கம் வகை. 1 என்றால் முன்பார்த்து நின்று முன்பக்கம் சுழல்வது. 2 என்றால் தண்ணீருக்கு முதுகு காட்டி நின்று பின்பக்கம் சுழல்வது. 3, ரிவர்ஸ்: முன்பார்த்துப் புறப்பட்டு, போர்டை நோக்கிப் பின்பக்கம் சுழல்வது. 4, இன்வர்ட்: தண்ணீருக்கு முதுகு காட்டி நின்று, போர்டை நோக்கி முன்பக்கம் சுழல்வது. 5 என்றால் ட்விஸ்ட், அதாவது உடலைத் திருகுவது, உள்ளவை. மூன்று இலக்க எண்ணில் கடைசி இலக்கம் அரைச் சுழற்சிகளின் எண்ணிக்கை: 103 என்றால் முன்பக்கம் மூன்று அரை, அதாவது ஒன்றரை சமர்சால்ட் (குட்டிக்கரணம்). ட்விஸ்ட் டைவுக்கு நான்கு இலக்கம்: 5122 என்றால் ட்விஸ்ட் வகை, முன்பக்கம், இரண்டு அரைச் சுழற்சி, இரண்டு அரைத் திருகல். பின்னால் வரும் எழுத்து உடலின் நிலை: ஏ நேர், பி பைக் (காலை நீட்டி இடுப்பில் மடங்குவது), சி டக் (முழங்காலையும் மடக்கிச் சுருள்வது), டி இவை கலந்தது. பட்டியலில் எழுதிக் கொடுத்த எண் ஒன்று, போர்டில் செய்தது வேறொன்று என்றால் எவ்வளவு அழகாகச் செய்தாலும் பூஜ்யம்.

மார்க்குக்கு வருவோம். நடுவர் ஒவ்வொருவரும் 0 முதல் 10 வரை அரை அரையாகப் போடுவார். ஏழு நடுவர் இருந்தால் மேலே இரண்டு, கீழே இரண்டு மார்க்கைத் தள்ளிவிட்டு நடு மூன்றைக் கூட்டி, அந்த டைவின் கடின எண்ணால் (எவ்வளவு கடினம் என்று டைவுக்கு டைவ் விதியில் குறித்திருக்கும் எண்) பெருக்குவார்கள். ஐந்து நடுவர் என்றால் மேலே ஒன்று, கீழே ஒன்று போகும். நடுவர் டைவின் கடினத்தைப் பார்த்து மார்க் போடக்கூடாது, செய்த தரத்துக்குத்தான் போட வேண்டும். கடினத்துக்கான வெகுமதி பெருக்கலில்தான் வருகிறது. உதாரணமாக 1 மீட்டரில் 103 பி-க்குக் கடின எண் 1.7. நடுவர் மார்க் 5, 5.5, 6, 6, 6, 6.5, 6.5 என்று வந்தால் நடு மூன்று 18. அதை 1.7-ஆல் பெருக்கினால் 30.60. இன்னொரு பெண் துணிந்து 105 சி, அதாவது டக்கில் இரண்டரை சமர்சால்ட் செய்கிறாள், கடின எண் 2.4. சுழற்சி முடியாமல் தண்ணீரில் சரிந்து எல்லாரும் 3.5 போட்டால் 10.5 பெருக்கல் 2.4, அதாவது 25.20. அவள் முந்த வேண்டுமென்றால் சராசரி 4.25-க்கு மேல் வாங்க வேண்டும். இந்தக் கணக்கை ஒவ்வொரு டைவுக்கும் முன்கூட்டியே காகிதத்தில் போட்டுப் பார்த்துவிடுங்கள். ‘கஷ்டமான டைவ் வைத்தால்தான் ஜெயிக்கலாம்’ என்று பிள்ளைகளைத் தள்ளுகிறவர்கள் இந்தக் கணக்கைப் போடுவதே இல்லை. அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கும்.

பெண்கள் பிரிவில் பொதுவாக ஐந்து டைவ், ஐந்து வகையிலிருந்தும் ஒவ்வொன்று. உங்கள் மகளின் நிலையில், நான்கு மாதத்தில், 1 மீட்டருக்கு நான் எழுதிக் கொடுக்கும் பட்டியல் இது: 103 பி, 201 பி, 301 சி, 401 பி, 5122 டி. கடின எண்கள் வரிசையாக 1.7, 1.6, 1.6, 1.5, 1.9. மொத்தம் 8.3. எல்லாவற்றிலும் நடு மார்க் 5.5 வந்தால் 136.95. இப்போது கவனியுங்கள்: ஒவ்வொரு டைவிலும் அரை மார்க் கூட்டினால் மொத்தத்தில் 12.45 கூடும். அதற்குப் பதிலாக 401 பி-யை எடுத்துவிட்டு 2.2 கடின எண் உள்ள 403 சி-யை வைத்தால், அதற்கும் அதே 5.5 கிடைத்தாலுமே கூடுவது 11.55 தான். புதிதாகக் கற்ற இன்வர்ட் ஒன்றரைக்கு முதல் போட்டியிலேயே 5.5 கிடைப்பது அரிது. போர்டு நாட்கள் குறைவாக இருக்கும் பிள்ளைக்கு அரை மார்க் எங்கே கிடைக்கும் என்று தேடுவதே புத்தி. அந்த அரை மார்க் இரண்டு இடத்தில் இருக்கிறது: போர்டை விட்டுக் கிளம்பும் கணம், தண்ணீருக்குள் நுழையும் கணம்.

கிளம்பும் கணத்தில்தான் ஜிம்னாஸ்ட் பிள்ளைகள் தடுமாறுகிறார்கள். தரையில் டம்ப்ளிங் செய்யும்போது பாதம் தரையில் இருப்பது வினாடியில் பத்தில் ஒரு பங்கு அளவுதான், தட்டியதும் எகிற வேண்டும். ஸ்பிரிங்போர்டில் அந்த நேரம் மூன்று நான்கு மடங்கு நீளும். ஓரிரு அடி நடந்து, ஒரு காலை ஊன்றி மறு முழங்காலைத் தூக்கி எழும்பி, போர்டின் முனையில் இரு பாதமும் சேர இறங்க வேண்டும். இதை ஹர்டில் என்பார்கள். இறங்கும்போது கைகள் மேலிருந்து பின்னால் சுற்றிக் கீழே வரும். போர்டு வளைந்து கீழே போகும், கைகள் முன்னால் மேலேறும், போர்டு திரும்பி மேலே வரும்போது முழங்காலும் கணுக்காலும் முழுதாக நீளும். ஜிம்னாஸ்ட் பிள்ளைக்கு இந்தக் காத்திருப்பு பழக்கமில்லை. போர்டு இன்னும் கீழே போய்க்கொண்டிருக்கும்போதே உதைத்துவிடுகிறாள். போர்டு கொடுக்க வேண்டிய உயரம் கிடைக்காமல் போகிறது, உயரம் இல்லாததால் அவசரமாகச் சுழல்கிறாள், அவசரத்தில் தலையை வீசுகிறாள், எல்லாம் சங்கிலியாகக் கெடுகிறது. சுழற்சியின் அளவு கால் போர்டை விடும் கணத்திலேயே முடிவாகிவிடும். காற்றில் உடலைச் சுருக்கி வேகத்தைக் கூட்டலாம், நீட்டிக் குறைக்கலாம், புதிதாக உண்டாக்க முடியாது. ஆகவே காற்றில் தெரியும் பிழைக்குக் காற்றில் மருந்து தேடாதீர்கள்.

போர்டுக்கு அடியில் நடுவில் ஓர் உருளை இருக்கும், ஃபல்க்ரம் என்பார்கள். பக்கத்துச் சக்கரத்தைக் காலால் உருட்டினால் முன்னும் பின்னும் நகரும். தண்ணீர்ப் பக்கம் நகர்த்தினால் போர்டு விறைக்கும், சீக்கிரம் திருப்பி உதைக்கும். பின்னால் நகர்த்தினால் தளர்ந்து, ஆழமாக வளைந்து, மெதுவாக, உயரமாக எறியும். எடை குறைந்த பிள்ளைக்கு விறைத்த போர்டு வளையவே வளையாது. ஆனால் தளர்ந்த போர்டு, காத்திருக்கத் தெரியாதவளைக் கோணலாக எறிந்துவிடும். முதல் நாள் நடுவில் வையுங்கள். தாளம் பிடிபடப் பிடிபடக் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னால் தள்ளலாம். எந்தப் போர்டில் எந்த எண்ணில் வைத்தால் அவளுக்குச் சரியாக இருக்கிறது என்று நோட்டில் எழுதி வையுங்கள், ஏனென்றால் ஒவ்வொரு போர்டும் கொஞ்சம் வேறுபடும்.

இரண்டாவது, நுழைவு. கீறல் இல்லாமல் தண்ணீருக்குள் போகிறவர்களைத் தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள். கையை ஈட்டி மாதிரிக் கூராக்கிக்கொண்டு போவதாகப் பலர் நினைக்கிறார்கள். உண்மை நேர் எதிர். ஒரு உள்ளங்கையைத் தட்டையாகத் தண்ணீரைப் பார்த்துத் திருப்பி, இன்னொரு கை அதைப் பின்னாலிருந்து இறுக்கிப் பிடிக்க வேண்டும். முழங்கை பூட்டியிருக்க வேண்டும், புயங்கள் காதோடு ஒட்டித் தோள் மேலேறியிருக்க வேண்டும். தட்டையான கை தண்ணீரில் ஒரு குழியைத் திறக்கிறது, உடல் அந்தக் குழிக்குள்ளேயே போகிறது. கை உள்ளே போனதும் பிரிந்து இருபுறமும் அகன்று தள்ளினால் தெறிக்க வேண்டிய தண்ணீரும் உள்ளே இழுபடும். இதில் கெடுவது மூன்று. முழங்கை தளர்ந்தால் தண்ணீர் மண்டையில் அறையும், நாளடைவில் மணிக்கட்டும் தோளும் வலிக்கும். தண்ணீரைப் பார்க்கத் தலையைத் தூக்கினால் முதுகு வில்லாக வளைந்து, தொடையில் தண்ணீர் அடித்து, இடுப்பு முதுகில் வலி தங்கும். ஜிம்னாஸ்ட் பிள்ளைகளுக்கு முதுகை வளைத்து அழகு காட்டும் பழக்கம் ஊறியிருப்பதால் இதுதான் அதிகம் வரும். மூன்றாவது, காலால் இறங்கிப் பழகியவள் பயத்தில் கடைசி நொடியில் காலை இறக்கப் பார்ப்பது. தலைகீழ் டைவில் கைக்கு முன் கால் உள்ளே போனால் அது தோல்வி டைவ், பூஜ்யம்.

இதில் நல்ல செய்தி, இந்த இரண்டு கணத்தின் பெரும்பகுதியை மலையிலேயே பழகலாம். சுவரோரம் கைநிலை, அதாவது கையூன்றித் தலைகீழாக நிற்பது: மேலே சொன்ன கைப்பிடியை வைத்து, விலா உள்ளிழுத்து, முதுகு வளையாமல் முப்பது வினாடி வீதம் ஐந்தாறு முறை. பாயில் மல்லாந்து படுத்து, கை காதோடு, இடுப்பு முதுகு தரையில் அழுந்தி, காலையும் தோளையும் சற்றே தூக்கி நிறுத்துவது. தரையில் ஹர்டில் நடை: கோடு போட்டு, காலடி அளவு மாறாமல், தினமும் முப்பது நாற்பது முறை, வீடியோ எடுத்துக்கொண்டு. கணுக்காலுக்குக் கயிறு தாண்டுதல். ஆறடிக் குளத்தில்கூட வேலை இருக்கிறது: சுவரை உதைத்துத் தண்ணீருக்கடியில் கைப்பிடியோடு சறுக்குவது, கையை அகற்றித் தள்ளும் அசைவு, தண்ணீருக்குள் முன்பக்கமும் பின்பக்கமும் சுருண்டு திரும்புவது. கரையிலிருந்து காலால் நேராகக் குதிப்பதும் சரிதான், உடல் கம்பாக இருக்கிறதா என்று பார்க்கலாம். ட்ராம்போலின் நல்ல கருவி. மேலிருந்து கயிற்றில் பெல்ட் மாட்டிப் பிடிக்கத் தெரிந்த பயிற்சியாளர் இருந்தால் மட்டுமே அதில் சுழலட்டும். சுற்றுலா விடுதிகளில் இருக்கும் ட்ராம்போலினில் தலைகீழ் வித்தை வேண்டவே வேண்டாம்.

குளிரை அலட்சியப்படுத்தாதீர்கள். டைவிங் குளத்தில் தண்ணீர் 26 டிகிரி செல்சியஸுக்குக் குறையக்கூடாது என்பது விதி, மலையில் சூடேற்றாத குளம் அந்தப் பக்கமே வராது. நடுங்கும் உடலில் தசை தாமதமாக வேலை செய்யும், குளிர்ந்த தொடைத் தசையை இழுத்து நீட்டினால் கிழியும். காலை ஆறு மணிப் பயிற்சியை விட, பள்ளி விட்டு நாலு மணிக்குப் பத்து நிமிடம் ஓடி வியர்த்தபின் செய்யும் பயிற்சி பயன் தரும். மார்கழி, தை மாதங்களில் இதை விதியாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

போர்டில் பழக மலையிலிருந்து கீழே இறங்கித்தான் ஆக வேண்டும். சென்னை வேளச்சேரியில் 1995 தெற்காசிய விளையாட்டுக்காகக் கட்டிய நீச்சல் வளாகத்தில் தனி டைவிங் குளம் இருக்கிறது. அது தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் வளாகம் என்பதால், ஊட்டியில் உள்ள மாவட்ட விளையாட்டு அலுவலர் வழியாகக் கேட்பது சரியான வழி. பயிற்சி நேரம், பயிற்சியாளர் இருக்கும் நாள், பராமரிப்புக்காகக் குளம் மூடியிருக்கும் நாள் இவற்றைக் கேட்டு உறுதி செய்யாமல் டிக்கெட் எடுக்காதீர்கள். வாரக் கடைசி தோறும் இரண்டு நாள் ஓடி வருவதைவிட, விடுமுறையைச் சேர்த்து ஐந்தாறு நாள் தங்கும் மூன்று பயணம் மேல் என்பது என் கருத்து. போர்டின் தாளம் மூன்றாம் நாள்தான் உடம்பில் ஏறும், அந்த நேரத்தில் ஊர் திரும்பினால் மறுபடி முதலிலிருந்துதான். முதல் பயணத்தில் நடை, ஹர்டில், காலால் குதித்தல், கரையிலிருந்தும் போர்டிலிருந்தும் கைநுழைவு. இரண்டாவதில் 103 பி, 201 பி, 401 பி. மூன்றாவதில் மீதி இரண்டும், பட்டியல் முழுவதையும் வரிசையாகச் செய்து பார்ப்பதும். மூன்றாம் பயணம் முடியும்போது ரிவர்ஸ் டைவ் நிலையாகவில்லை என்றால், இந்த முறை போட்டி வேண்டாம் என்று முடிவெடுக்கும் தைரியம் உங்களுக்கு இருக்க வேண்டும்.

ரிவர்ஸைத் தனியாகச் சொல்லக் காரணம் உண்டு. 1988 சியோல் ஒலிம்பிக்கில் கிரெக் லூகானிஸ், உலகின் தலைசிறந்த டைவர், ரிவர்ஸ் இரண்டரை சமர்சால்டில்தான் போர்டில் தலையை இடித்துக்கொண்டார். தையல் போட்டுக்கொண்டு திரும்பி வந்து தங்கமும் வென்றார் என்பது வேறு விஷயம். போர்டை நோக்கிச் சுழலும் ரிவர்ஸ், இன்வர்ட் இரண்டிலும் விபத்து வருவது பெரும்பாலும் ஒரே காரணத்தால்: போர்டு எறிந்து முடிக்கும் முன்பே உடல் சுழலத் தொடங்குவது. ரிவர்ஸில் தோள் முன்கூட்டியே பின்னால் சாயும், இன்வர்டில் தலை முன்கூட்டியே போர்டுப் பக்கம் கவியும். பயந்த பிள்ளை இதற்கு நேர்மாறாகத் தூரத் தூரக் குதிப்பாள். அது அடிபடாது, ஆனால் உயரம் போய் நுழைவு சாயும், மார்க்கும் போகும். போர்டு முனையிலிருந்து இரண்டு மூன்று அடி தள்ளித் தலை கடந்து போவது நல்ல இடைவெளி. பயிற்சியாளர் பக்கவாட்டில் நின்று ஒவ்வொரு முறையும் இதைப் பார்க்க வேண்டும். பயிற்சியாளர் இல்லாத நேரத்தில் 3, 4 வகை டைவ் செய்ய விடாதீர்கள்.

மலையிலிருந்து இறங்குகிறவர்களுக்கென்று ஒரு விஷயம் இருக்கிறது, சமவெளிப் பயிற்சியாளர்கள் பலர் இதை யோசிப்பதில்லை. குன்னூர் சுமார் 1,850 மீட்டர் உயரம். மேட்டுப்பாளையம் இறங்கும்போது காதின் மேல் கூடும் காற்றழுத்தம், தண்ணீருக்கடியில் ஒன்றரை மீட்டருக்கு மேல் போவதற்குச் சமம். கொண்டை ஊசி வளைவுகளில் காது அடைத்துத் திறப்பது இதனால்தான். டைவ் செய்யும்போது அதைவிட அதிக அழுத்த மாற்றம் ஓரிரு வினாடியில் வந்து போகும். சளி பிடித்து மூக்கடைத்திருந்தால் நடுக்காதுக்குக் காற்றுப் போகும் குழாய் திறக்காது. மலை இறங்கியும் காது திறக்கவில்லை என்றால் அன்று தலைகீழ் டைவ் கிடையாது. காதில் பஞ்சோ பிளக்கோ வைத்துச் சமாளிக்கக் கூடாது, அது செவிப்பறைக்கு இன்னும் கெடுதல். வலியோ நீர்வடிவோ இருந்தால் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டிவிட்டுத்தான் குளத்துக்கு. நீலகிரி எக்ஸ்பிரஸில் ராத்திரிப் பயணம் என்றால் இறங்கிய அன்று காலை போர்டு ஏற்ற வேண்டாம், சாயங்காலம் காலால் குதிக்க மட்டும் விடுங்கள்.

வெயிலும் அவளுக்குப் புதிது. திறந்தவெளிக் குளத்தில் அலுமினியப் போர்டு உச்சிவெயிலில் பாதத்தைச் சுடும், ஏறும் முன் தண்ணீர் ஊற்ற வேண்டும். வியர்வையும் ஈரமும் சேர்ந்தால் பைக்கில் காலைப் பிடிக்கும் கை வழுக்கும். டைவர்கள் கையில் வைத்திருக்கும் சின்னத் துண்டு, ஷம்மி என்பது, ஒவ்வொரு முறையும் காலையும் கையையும் துடைத்துக்கொள்ளத்தான். ஒன்று வாங்கிக் கொடுங்கள். தண்ணீர்ப் பரப்பு கண்ணாடிபோல் அசையாமல் இருந்தால் மேலிருந்து எங்கே தண்ணீர் தொடங்குகிறது என்று தெரியாது. அதனால் குழாயால் பீய்ச்சிப் பரப்பைக் கலைத்துக்கொண்டே இருப்பார்கள். பயிற்சியிலும் அதைக் கேட்டு வாங்குங்கள்.

இதுவரை சொன்ன ஆழம், விதி, கணக்கு எல்லாம் உறுதியானவை. இனி உறுதியில்லாத பக்கம். மலையில் வளர்ந்த பிள்ளைக்கு மூச்சு வலு அதிகம், அது டைவிங்குக்கு உதவும் என்று சிலர் சொல்வார்கள். ஒரு டைவ் ஒன்றரை வினாடிகூட இல்லை. ஆகவே பெரிதாக உதவும் என்று நான் நம்பவில்லை, நாள் முழுதும் ஏணி ஏறி இறங்கக் கொஞ்சம் உதவலாம். ஜிம்னாஸ்டிக்ஸ் அடித்தளம் எவ்வளவு கைகொடுக்கும் என்பதும் பிள்ளைக்குப் பிள்ளை மாறும். சுழற்சியில் பயமில்லாமை, காலை நீட்டிப் பாதத்தைக் கூர்மையாக்கும் பழக்கம் இரண்டும் நிச்சயம் லாபம். ட்விஸ்டில் லாபமும் உண்டு, நட்டமும் உண்டு. தரையில் கால் எடுக்கும்போதே திருகிப் பழகியவள் போர்டிலும் அப்படியே செய்வாள். போர்டிலேயே திருகல் தெரிந்தால் நடுவர் மார்க்கைக் குறைப்பார். முதலில் மேலே போய், சுழற்சி தொடங்கி, அதன்பின் கையை இறக்கித் திருக வேண்டும். அவளுடைய தோள் எவ்வளவு திறக்கிறது, பழைய மணிக்கட்டுக் காயம் ஏதும் உண்டா என்பதையெல்லாம் நேரில் பார்ப்பவர்தான் சொல்ல முடியும். நான் கொடுத்த பட்டியலையும் அந்தப் பயிற்சியாளர் மாற்றினால் அவர் சொல்வதையே கேளுங்கள்.

1 மீட்டரா 3 மீட்டரா என்ற கேள்விக்கு: இந்த முறை 1 மீட்டர் மட்டும். 3 மீட்டரில் காற்றில் நேரம் கூடுதலாகக் கிடைப்பதால் அதே டைவுக்குக் கடின எண் சற்றுக் குறையும். 103 பி அங்கே 1.6, 105 பி 1 மீட்டரில் 2.6, 3 மீட்டரில் 2.4. சுழல்வது சுலபம் என்பதை வைத்துச் சிலர் 3 மீட்டரிலேயே தொடங்கச் சொல்வார்கள். ஆனால் அங்கே தண்ணீரைத் தொடும் வேகம் மணிக்கு 30 கிலோமீட்டரைத் தாண்டும். நுழைவு பழகாத பிள்ளை முதுகிலோ வயிற்றிலோ ஒருமுறை அறைந்து விழுந்தால் உடம்பில் சிவந்த தழும்பு இரண்டு நாளில் போகும், மனதில் ஏறிய பயம் போக மாதக் கணக்காகும்.

போட்டியன்று நடப்பதையும் முன்பே சொல்லி வையுங்கள். டைவ் பட்டியலைப் பொதுவாகப் போட்டிக்கு 24 மணி நேரம் முன்பே கையெழுத்திட்டுக் கொடுக்க வேண்டும். எண், எழுத்து, போர்டு உயரம் மூன்றையும் இரண்டு பேர் சரிபாருங்கள். வரிசை குலுக்கலில் வரும். பெயரையும் எண்ணையும் அறிவித்து, ரெஃப்ரி விசில் ஊதியபின்தான் கிளம்ப வேண்டும், அதற்குமுன் போனால் சிக்கல். நடை தொடங்கிப் பாதியில் நின்றுவிட்டால் இன்னொரு வாய்ப்பு உண்டு, ஆனால் ஒவ்வொரு நடுவர் மார்க்கிலிருந்தும் 2 போய்விடும். மறுபடியும் நின்றால் பூஜ்யம். ஹர்டில் கோணலாகிவிட்டது, போர்டின் ஓரத்தில் கால் விழுந்துவிட்டது என்றால் அந்த 2 மார்க்கை விட்டுக்கொடுத்து நிற்பதே சரி என்று இப்போதே அவளிடம் சொல்லுங்கள். இல்லையென்றால் அம்மா அப்பா பார்க்கிறார்களே என்று ஆபத்தான டைவை எடுத்துவிடுவாள். உடல் முழுவதும் தண்ணீருக்குள் மறைந்ததோடு டைவ் முடிந்தது, அதற்குப் பின் உள்ளே எப்படித் திரும்பினாலும் மார்க் குறையாது. ஆகவே முதுகைக் காக்க உள்ளே போனதும் சுருண்டு திரும்பப் பழகியிருக்கட்டும்.

இந்த வாரமே போட்டி அமைப்பாளர்களிடம் எழுத்தில் கேட்க வேண்டியவை மூன்று. அவள் எந்த வயதுப் பிரிவில் வருகிறாள், வயதை எந்தத் தேதியில் கணக்கிடுகிறார்கள்? அந்தப் பிரிவில் எத்தனை டைவ், கடின எண்ணின் கூட்டுத்தொகைக்கு மேல்வரம்பு ஏதும் உண்டா? போட்டிக்கு முன் அதே போர்டில் பயிற்சி நேரம் எத்தனை நாள் தருவார்கள்? மூன்றாவதற்கு ‘அன்று காலை அரை மணி நேரம்’ என்று பதில் வந்தால், பழக்கமில்லாத போர்டில் அது போதாது. ஒருநாள் முன்னதாகவாவது ஏற விடும்படி பள்ளியின் கடிதத்தாளில் கேளுங்கள், முதல்முறை வருகிறவர்களுக்குப் பெரும்பாலும் கொடுப்பார்கள்.